குசினிக்குள் இருந்த பாட்டு

1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பாட்டு பெரிய அடி அடித்தது. பெயர் 'ஃப்ரெயிட் ட்ரெயின்'. சாமான் ஏற்றிப் போகும் ரயிலைப் பற்றிய பாட்டு. நமது பக்கத்துப் பேச்சில் சொன்னால் குட்ஸ் கோச்சி. சாஸ் மெக்டெவிட் என்பவரின் குழு அதை இசைத்தட்டாக வெளியிட்டது. பாடியவர் நான்சி விஸ்கி. (பெயரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்.) அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறிய பாட்டு, கடல் தாண்டி அமெரிக்காவிலும் விற்றது. பாட்டுக்கு உரிமை கோரி வேறு இரண்டு பெயர்கள் பதியப்பட்டிருந்தன.

அதை உண்மையில் கட்டியவர் அந்த நேரத்தில் அமெரிக்காவின் வொஷிங்டன் நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். கறுப்பினப் பெண். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சமைப்பதும் துவைப்பதும் அயன் பண்ணுவதும்தான் தொழில். அந்தப் பாட்டை அவர் கட்டியபோது வயது பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். நமது கணக்கில் தரம் ஆறு, ஏழு படிக்கிற பிள்ளை.

அவர் பெயர் எலிசபெத் கொட்டன். இன்றைய பதிவு அவரைப் பற்றியது. கொஞ்சம் நீளம், ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்கேயோ இருந்த ஒரு அமெரிக்கப் பாட்டியைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வகுப்பறையில் நாம் அடிக்கடி காணும் ஒன்று இருக்கிறது. "உம்மா எங்க?" என்று கேட்டால் "வெளிநாட்டுல சேர்" என்று பிள்ளை உடனே சொல்லும். "அங்க என்ன வேலை?" என்று கேட்டுவிட்டால் முகம் கீழே போய்விடும். அதனால் நாம் இப்போது அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. குவைத்திலும் சவூதியிலும் அடுத்தவர் வீட்டுக் குசினியில் நின்று இந்த ஊரில் கல் வீடு கட்டிய பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் காசு அனுப்பியதை ஊர் அறியும். அவர்களுக்கு வேறு என்ன தெரியும், கையில் என்ன திறமை, மனதில் என்ன பாட்டு இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கொட்டனின் வாழ்க்கையை வாசித்தபோது இந்த நினைவுதான் நம்மை விடவில்லை.

வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊருக்குப் பக்கத்தில் கார்பரோ இருக்கிறது. 1893 ஜனவரியில் அவர் அங்கே பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை சுரங்கத்தில் வேலை செய்தவர். தாய் மருத்துவிச்சி. அதோடு சமையலும் சலவையும் செய்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது முப்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைக்குத் தனிப் பள்ளி, தனி வழி, தனி வாசல். பெண்பிள்ளை வளர்ந்தால் வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போவாள் என்பது பிறக்கும்போதே எழுதி வைத்த மாதிரி.

வீட்டில் அவரை 'லில் சிஸ்' என்று கூப்பிடுவார்கள். சின்னத் தங்கச்சி என்று பொருள். அதைத் தவிர வேறு பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இவர் முறை வந்ததும் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே! "எலிசபெத்" என்று சொல்லிவிட்டார். அன்று தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் கடைசி வரைக்கும் நின்றது. ஒவ்வொரு ஜனவரியிலும் தரம் ஒன்று பிள்ளைகளின் பெயரை இடாப்பில் எழுதுகிற நமக்கு இந்தச் சம்பவம் மறக்காது. 'மகள்', 'தங்கச்சி', 'சின்னவள்' என்றே கூப்பிடப்பட்டு, முழுப் பெயரைச் சொல்லத் தெரியாமல் வந்து நிற்கிற பிள்ளைகளை நாமும் கண்டிருக்கிறோம்.

படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. ஆனால் அதற்குள் வேறொரு படிப்பு தொடங்கியிருந்தது. அண்ணனிடம் ஒரு பான்ஜோ இருந்தது. தோல் போர்த்திய வட்டமும் நீண்ட கழுத்தும் கொண்ட கம்பி வாத்தியம். அண்ணன் வேலைக்குப் போனதும் தங்கை அதை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். கம்பிகள் அறுந்தன. அண்ணனுக்கு விளங்கியது, ஆனாலும் விட்டுவிட்டார்.

இவரோ இடது கைக்காரர். வாத்தியமோ வலது கைக்காரருக்காகக் கம்பி கட்டியது. அண்ணனின் சாமான் என்பதால் கம்பிகளை மாற்றிக் கட்ட முடியாது. ஆகவே அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். பிறகு சொந்தமாகக் கிற்றார் வந்தபோதும் அதே பழக்கம்தான். மற்றவர்கள் பெருவிரலால் தடித்த கம்பிகளைத் தட்டி அடித்தாளத்தைப் பிடித்து, விரல்களால் மெட்டை வாசிப்பார்கள். இவருக்கு எல்லாம் மாறியது. தடித்த கம்பிகள் விரல்களுக்கு வந்தன, மெட்டு பெருவிரலுக்கு வந்தது. இதனால் பிறந்த ஓசை இன்னொருவர் கையில் அப்படியே வராது. இன்று உலகம் முழுவதும் கிற்றார் பழகுகிறவர்கள் இந்த முறையைக் 'கொட்டன் பிக்கிங்' என்று பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் வந்த முறை அது. இடது கையில் பென்சில் பிடித்த பிள்ளைகளின் விரலில் அடிமட்டத்தால் தட்டிய காலம் நமது பாடசாலைகளிலும் இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கிற்றார் வாத்தியார் ஒருவர் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது பான்ஜோவும் போய்விட்டது. சொந்த வாத்தியம் வேண்டுமானால் காசு வேண்டும். சேப்பல் ஹில்லில் வெள்ளையர் வீடுகளின் கதவைத் தட்டி வேலை கேட்டார். ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் ஒரு டொலர். தாய் அதைச் சேர்த்து வைத்தார். கிற்றாரின் விலை 3 டொலர் 75 சதம். அதாவது ஏறக்குறைய நாலு மாதச் சம்பளம், ஒரு சதமும் வேறு எதற்கும் செலவழிக்காமல். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம். ராவு பகலாக வாசித்தாராம், வீட்டார் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு.

அந்தக் காலத்தில்தான் 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பிறந்தது. கார்பரோவில் ரயில் பாதை வீட்டுக்குப் பக்கத்தால் போனது. பிள்ளைகளுக்கு அந்த ரயில்தான் விளையாட்டு, அதுதான் கடிகாரம். பாட்டில் ஓடிப்போக நினைக்கும் ஒருவர் பேசுகிறார். தான் எந்த வண்டியில் ஏறினேன் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார். இறந்த பிறகும் அந்த ரயிலின் சத்தம் கேட்கிற இடத்தில் கிடக்க விரும்புகிறார். மெட்டு தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும், உள்ளே இருக்கிற விடயம் அவ்வளவு பாரம். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படித் தோன்றுவது எப்படி என்று கேட்பவர்கள், பன்னிரண்டு வயதில் அடுத்தவர் வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளைகளைக் காணாதவர்களாக இருக்க வேண்டும்.

இன்னொரு பாட்டும் அந்த வயதுக்குரியது. 'ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை'. அயலில் இருந்த ஒரு பெண் தன்னைப் பற்றித் தாயிடம் பொய் சொல்லி, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்தாள் என்று கொட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாத காலம். எதிர்த்துப் பேச முடியாததைப் பாட்டாகக் கட்டினார். பொய் சொன்னவளின் பெயர் அதில் இல்லை. கேட்பவர் காதல் பாட்டு என்றுகூட நினைக்கலாம்.

1910இல் 17 வயதில் கலியாணம். மாப்பிள்ளை பெயர் ஃபிராங்க் கொட்டன். லில்லி என்று ஒரே மகள். அதோடு பாட்டு நின்றது. தேவாலயத்தில் சேர்ந்தபோது, உலக ஆசைகளைப் பாடும் இந்தப் பாட்டுகளை விட்டுவிடும்படி சொல்லியிருக்கிறார்கள். அவரும் விட்டுவிட்டார். (இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை இந்தப் பதிவின் கீழே தொடங்கிவிடாதீர்கள், அது உலமாக்களின் வேலை. நாம் சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) உண்மையில் தேவாலயம் சொன்னது பாதிதான். மீதியைக் குடும்பமும் வேலையும் செய்தன. விடிய எழும்பிச் சமைத்து, அடுத்தவர் வீட்டில் பகல் முழுக்க நின்று, பொழுதுபட்டு வந்து மீண்டும் சமைக்கிற பெண்ணுக்குக் கிற்றார் எடுக்க நேரம் ஏது? ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் வாத்தியத்தைத் தொடவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மகள் கலியாணம் முடித்த பிறகு கணவரைப் பிரிந்து, வொஷிங்டனில் மகளின் குடும்பத்தோடு வந்து இருந்தார். 1940களின் நடுப்பகுதியில் லான்ஸ்பர்க்ஸ் என்ற பெரிய கடையில் பொம்மைப் பகுதியில் கொஞ்ச நாள் வேலை. அங்கே ஒரு நாள் ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றாள். கொட்டன் அவளைத் தேற்றித் தாயிடம் சேர்த்தார். தாய் நன்றி சொல்லி, எங்கள் வீட்டில் வேலைக்கு வர விருப்பமா என்று கேட்டார்.

சிறுமியின் பெயர் பெக்கி சீகர். தாய் ரூத் கிரோஃபோர்ட் சீகர், அமெரிக்காவின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். தந்தை சார்ள்ஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். அவருடைய முதல் தாரத்து மகன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பீட் சீகர். ஒரு கடையில் எத்தனை பிள்ளைகள் தவறுவார்கள், அதில் இந்த வீட்டுப் பிள்ளை இவர் கண்ணில் பட வேண்டுமா! சினிமாவில் வந்தால் நம்பமாட்டோம்.

அந்த வீட்டில் நடந்ததுதான் நமக்கு இந்தக் கதையிலேயே அதிகம் யோசிக்க வைக்கிற இடம். ரூத் சீகரின் வேலை என்ன தெரியுமா? ஊர் ஊராகச் சென்று பதிவு செய்யப்பட்ட நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு ஸ்வரமாக எழுதுவது. தென் மாநிலங்களின் ஏழை மக்கள், கறுப்பின மக்கள், அவர்களின் வேலைப்பாட்டு, தாலாட்டு, எல்லாம் எழுதினார். 1948இல் சிறுவருக்கான நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றும் அவர் பெயரில் வந்தது. அந்த வீட்டில் எந்நேரமும் நாட்டார் பாட்டுத்தான். அதே வீட்டுக் குசினியில், தென் மாநிலத்திலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண், தான் கட்டிய பாட்டுகளை மனதுக்குள் வைத்துக்கொண்டு பாண் சுட்டார், துணி மடித்தார். பாட்டுத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம், பாட்டு வைத்திருப்பவர் மறுபக்கம், நடுவில் ஒரு கதவு. சில ஆண்டுகள் இப்படியே போயின.

சீகர் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள், தங்கள் காலத்தில் நிற பேதம் பார்க்காமல் நடந்த குடும்பம். கடைசிப் பிள்ளை பெனிக்கு எலிசபெத் என்று சொல்ல நா வரவில்லை, 'லிப்பா' என்று கூப்பிட்டாள். வீடே லிப்பா என்றது. பிறகு உலகமும் அப்படியே அழைத்தது. இவ்வளவு அன்பான வீட்டிலும், "உங்களுக்குப் பாட்டுத் தெரியுமா லிப்பா?" என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வேலைக்கு நிற்பவரிடம் நாம் வேலையைப் பற்றித்தான் கேட்கிறோம்.

பெக்கியின் கிற்றார் குசினிச் சுவரில் தொங்கும். வேலை நடுவே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கொட்டன் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு நாள் பெக்கி உள்ளே வந்துவிட்டாள். வேலைக்காரப் பெண் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பாடிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் விடவில்லை. வேலையைத் தாங்கள் செய்து கொடுத்து, நீங்கள் வாசியுங்கள் என்று உட்கார வைத்தார்கள். நாற்பது வருடத் துரு பிடித்த பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கண்டெடுத்தவர்கள் பெரிய ஆராய்ச்சியாளர்கள் அல்லர், அந்த வீட்டுப் பிள்ளைகள்.

பெக்கி 1956இல் இங்கிலாந்துக்குப் போனார். லிப்பாவிடம் கற்ற பாட்டை அங்கே பாடினார். அப்போது அந்நாட்டு இளைஞர்களை 'ஸ்கிஃபிள்' என்ற மோகம் பிடித்திருந்தது. மலிவான கிற்றார், தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிச் செய்த வாத்தியம், துணி தேய்க்கும் சலவைப் பலகை, இவற்றை வைத்துக்கொண்டு பொடியன்மார் குழுக் கட்டினார்கள். கேட்ட பாட்டை எடுத்தார்கள். அப்படித்தான் ஒரு சலவைக்காரியின் மகளின் பாட்டு சலவைப் பலகைத் தாளத்தோடு 5ஆம் இடத்துக்கு ஏறியது. எடுத்துப் பாடியதில் நமக்குப் பெரிய வருத்தம் இல்லை. நாட்டார் பாட்டு வாய்க்கு வாய் போவதுதான் வழமை. ஆனால் பெயரை எழுதிப் பதிந்தவர்கள் வேறு ஆட்கள். இது யாரோ பழைய ஊர்ப்பாட்டு, சொந்தக்காரர் இல்லை என்று நினைத்திருக்கலாம். சொந்தக்காரர் உயிரோடு இருந்தார், அடுத்த நாள் சமையலுக்குக் கறி வெட்டிக்கொண்டிருந்தார். சீகர் குடும்பம் விடாமல் நின்று போராடியது, பாட்டின் உரிமை கொட்டனுக்குத் திரும்பியது. அப்படியிருந்தும் பல இசைத்தட்டுகளில் தவறான பெயர்களே தொடர்ந்து அச்சாகின.

இந்த இடத்தில் கொஞ்சம் நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். நமது கிழக்கு மாகாண முஸ்லிம்களின் நாட்டார் கவிகளை அறிஞர்கள் தொகுத்திருக்கிறார்கள், பெரிய சேவை, மறுப்பதற்கில்லை. அவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் பெண்ணின் குரல்தான். கடல் கடந்தவனுக்காக, வயலுக்குப் போனவனுக்காக, கிடைக்காத மச்சானுக்காக. பாட்டைக் கட்டிய பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. 'நாட்டார்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரும் போய்விட்டார்கள்.

கொட்டன் 'நாட்டார்' என்ற சொல்லுக்குள் மறையாமல் தப்பியதற்குக் காரணம், பெக்கியின் அண்ணன் மைக் சீகர். இளைஞன், கையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. 1950களில் லிப்பாவின் வீட்டுக்கே போய், அறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார். ஸ்டூடியோ இல்லை. பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் பக்கத்தில் இருந்தார்கள். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. 'ஃப்ரெயிட் ட்ரெயின்', 'ஓ பேப்', 'வில்சன் ராக்' எல்லாம் அதில் உண்டு. மற்றவர்கள் கொஞ்சம் துள்ளலாகப் பாடிப் பிரபலமாக்கிய பாட்டை அவர் பாடிக் கேட்டுப் பாருங்கள். வயதான, கொஞ்சம் தேய்ந்த குரல். அவசரமே இல்லை. குரலை விட விரல்தான் அதிகம் பேசும்.

முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது 65. 1960ஐ ஒட்டி மைக் சீகரோடு ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதல் மேடை. பிறகு நியூபோர்ட் விழா, பல்கலைக்கழகங்கள், நாடு முழுக்க. பீட்டர், போல் அண்ட் மேரி குழு 1963இல் அவர் பாட்டைப் பாடியது. பின்னாளில் பொப் டிலனும் மேடையில் அவர் பாட்டைப் பாடினார். இவர் ஒரு கதிரையில் உட்கார்ந்து, கதை சொல்லி, பாடி, கேட்பவர்களையும் பாட வைப்பார்.

புகழ் வந்துவிட்டது, இனிச் சுகம்தான் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி. இசைத்தட்டு 1958இல் வந்தது. அவர் வீட்டு வேலையை விட்டது 1970இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், மேடையில் ஆயிரம் பேர் கைதட்டிய பெண் திங்கட்கிழமை யாரோ ஒருவர் வீட்டில் துணி துவைத்திருக்கிறார். 'வெற்றி' என்று நாம் சொல்கிற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள் வந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1967இல் இரண்டாவது இசைத்தட்டு, பெயர் 'ஷேக் ஷுகரி'. அந்தப் பெயர்ப் பாட்டு பிறந்தது ராத்திரியில், பிள்ளைகள் படுக்கப் போகும் நேரம். மெட்டு லிப்பாவுடையது. வரிகளை வீட்டுப் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கண்ணியாகக் கட்டினார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானாக அடகு வைத்து, கடைசியில் ஒன்றும் மிச்சமில்லை என்று போகும் பாட்டு. சிரிப்பாகத் தொடங்கும், கேட்டு முடிகிறபோது சிரிப்பு வராது. நகையை அடகு வைத்துப் பழகிய நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இசைத்தட்டில் அதைப் பாடியவர் லிப்பா அல்லர். பூட்டப்பிள்ளை பிரெண்டா எவன்ஸ், 12 வயது. பாட்டி பக்கத்தில் இருந்து கிற்றார் மட்டும் வாசிக்கிறார்.

பன்னிரண்டு வயதில் தான் கட்டிய பாட்டை அந்நியர் பெயரில் கேட்டவர், தன் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரலை இசைத்தட்டில் வைத்தார். மேடைகளில் அந்தப் பாட்டை அவரே பாடும்போதும், இது என் பிள்ளைகள் கட்டியது என்ற கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவார். மாணவர் ஆக்கத்தைத் தம் பெயரில் போடுகிற பெரியவர்களைப் பார்த்துச் சலித்த நமக்கு, லிப்பாவின் எல்லாப் பரிசுகளையும் விட இது பெரிதாகப் படுகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டிலும் பயணத்திலும் கிடைத்த காசைச் சேர்த்து, 1978இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் ஒரு வீடு வாங்கினார். 85 வயதில் முதல் சொந்த வீடு. மகளும் பேரப்பிள்ளைகளும் கூட வந்தார்கள். 1979இல் மூன்றாவது இசைத்தட்டு. 1984இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது. 1985இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், நேரடி மேடைப் பதிவுகள் அடங்கிய இசைத்தட்டுக்குக் கிராமி விருது. 1987 ஜூன் 29இல் சிரக்கியூஸில் காலமானார். 2022இல் ரொக் இசைக்கான புகழ் மண்டபத்திலும் முன்னோடிகள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவர் ரொக் பாடியவர் அல்லர், ஆனால் அதைப் பாடியவர்கள் பலரும் அவரிடமிருந்து எடுத்தவர்கள்.

பிறந்த ஊரான கார்பரோவில் இப்போது ரயில் பாதையை ஒட்டி, சேப்பல் ஹில் பக்கமாகப் போகும் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. வேலை கேட்டு அவர் கதவு கதவாகத் தட்டிய ஊரின் பக்கம்தான் அது. பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓடுகிறார்கள். பாதைக்கு வைத்திருக்கும் பெயர் 'லிப்பா கொட்டன்'.